திறந்திருந்த பக்கம்

எது நடந்தாலும் இத்தாலியின் ரிமினி கடற்கரையில் இறுதி ஆட்டம் ஆடியே தீருவது என்று எர்மெஸ் முடிவு செய்துவிட்டான். அவனுடைய வலது முட்டி இதற்குச் சம்மதிக்கவில்லை. முட்டியை யார் கேட்டார்கள்?

அது ஈஸ்ட் போட்ட மாவு மாதிரி நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வந்தது. படியில் முன்பக்கமாக இறங்கினால் உயிர் போனது. பின்பக்கமாக இறங்கினான்.

"என்ன இது?" என்றாள் மனைவி நீவெஸ்.

"தடுப்பாட்டப் பயிற்சி. பின்னாலயே ஓடிப் பழகணும்ல?"

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டா?"

அவளும் அதே அணிதான். பிளாஸ்டிக் தட்டை எறிந்து பிடித்து ஆடும் ஃபிரிஸ்பி ஆட்டத்தில் செசேனா ஊரின் அணி. வட்டமாக, தட்டையாக இருக்கும் ஊர் ரொட்டியின் பெயரையே அணிக்கும் வைத்திருந்தார்கள்: பியாதினா. ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் அணி. அதற்குத் தலைவன் எர்மெஸ். மைதானத்தில் தட்டு எறிவதில் மன்னன். வீட்டில் தட்டு கழுவுவதை மட்டும் தட்டிக் கழிப்பான்.

இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தவறு செய்தவர் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். அடிபட்டவர் தானே "காயம்" என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். மாற்றாள் உள்ளே வருவார். எர்மெஸ் இருபது வருஷமாக இதில் ஒரு பொய் சொன்னதில்லை. முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை சமையலறை மேஜையில் வியூகம் விரித்தான். ஆலிவ் காய்கள் நம் ஆட்கள். பாலாடைக்கட்டித் துண்டுகள் எதிராளிகள்.

"தாக்கும்போது நாம வரிசையா நிக்கணும். ஒருத்தர் மட்டும் பொய்யா இந்தப் பக்கம் ஓடி, சட்டுனு அந்தப் பக்கம் திரும்பணும். எதிராளி ஏமாந்துடுவான்."

நீவெஸ் ஓர் ஆலிவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய்! அது நான்!"

"அதான் கொஞ்சம் கசக்குது. சரி, தடுக்கும்போது?"

"அதுதான் என் மூளை! தட்டு வெச்சிருக்கறவன் முன்னாடி போய் நில்லு. கையை நீட்டி ஒரு பக்கத்தை மொத்தமா அடைச்சிடு. இன்னொரு பக்கத்தைத் திறந்து விடு."

"திறந்து விட்டா எறிஞ்சிடுவானே?"

"எறியட்டும்! அங்கதான் நம்ம ஆளு காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது நீவெஸ். திறந்திருக்கே, புண்ணியவதி வழி விட்டாளேன்னு நன்றி சொல்லிட்டு எறிவான்!"

"நன்றி சொல்லிட்டா?" என்று நீவெஸ் யோசித்தாள். இன்னோர் ஆலிவ் காணாமல் போனது. "ஆமா, சொல்ல மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை இயோலே அத்தைக்குப் பிறந்தநாள். மத்தியானம் விருந்து."

எர்மெஸின் கையிலிருந்த பாலாடைக்கட்டி நசுங்கியது. இயோலே அத்தை வீட்டு விருந்து பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். முடியும் என்பது இதுவரை வெறும் வதந்தி.

"அன்னைக்கு ஃபைனல்!"

"சொன்னேனே. 'ஃபைனல் வருஷா வருஷம் வரும், நான் இருப்பேனா?'ன்னு கேட்டு அத்தை அழுதாங்க. நானும் ஆட்டத்துக்கு வரலை. குடும்பம்தானே முக்கியம்?"

"அலுவலக வேலைன்னு..."

"ஞாயித்துக்கிழமை டைல்ஸ் கடையிலயா? அத்தைக்கு அதெல்லாம் செல்லாது." நீவெஸ் பெருமூச்சு விட்டாள். "உடம்பு முடியலைன்னா மட்டும்தான் விடுவாங்க. உனக்குத்தான் கல்லு மாதிரி உடம்பாச்சே."

எர்மெஸின் மூளை சுழன்றது. மத்தியானம் வலி. நீவெஸ் விருந்துக்குப் போனதும் குணம். நாலு மணிக்குக் கடற்கரை. ஆகா! பொய்யா இந்தப் பக்கம், சட்டுனு அந்தப் பக்கம்!

"ஐயோ!" என்று முட்டியைப் பிடித்தான். "நீவெஸ், உன்கிட்ட எப்படிச் சொல்றது? முட்டி... காயம்!"

"என்ன சொன்ன?"

"காயம்!" என்று கையையும் தூக்கிக் காட்டினான், மைதானத்தில் செய்வது போல. இருபது வருஷப் பழக்கம்.

நீவெஸ் மெதுவாக எழுந்தாள். "நீயே சொல்லிட்ட. அப்போ நீ வெளிய. மாத்தாளா நான் உள்ள. நாளைக்கு ஒன்பது மணிக்கு டாக்டர்."

"விருந்து?"

"தலைவன் இல்லாத அணியை விட்டுட்டு எப்படிப் போறது? அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்."

இத்தாலியில் முட்டி டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மறுநாள் காலையே எப்படி நேரம் கிடைத்தது என்று எர்மெஸ் கேட்கவில்லை. வேறு கவலையில் இருந்தான்.

டாக்டர் முட்டியின் ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "உள்ள இருக்கற நார் நூலாத் தேஞ்சிருக்கு. மணல்ல ஒரே ஒரு தாவு தாவியிருந்தா அறுந்திருக்கும். அப்புறம் ஓட்டத்தை மறந்துட வேண்டியதுதான். நல்ல வேளை, நீங்களே வாயைத் திறந்தீங்க."

திரும்பும் வழியில் காரை நீவெஸ் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது அவன் கை அவள் கையின்மேல் போய் உட்கார்ந்தது. பச்சை விழுந்தும் எடுக்கவில்லை.

"கியர் மாத்தணும்," என்றாள்.

ஞாயிறன்று ரிமினியில் நல்ல வெயில். குடைக்கு அடியில் எர்மெஸ். பக்கத்து நாற்காலியில் இயோலே அத்தை, பீச் பழம் உரித்துக் கொடுத்தபடி. தன் பிறந்தநாள் விருந்தையே விட்டுவிட்டு வந்திருக்கிறாளே என்று அவன் மறுக்காமல் வாங்கி வாங்கித் தின்றான். பிறந்தநாள் பேச்சை எடுத்தாலே அத்தை அழுதுவிடுவாள் என்று நீவெஸ் சொல்லி வைத்திருந்தாள்.

அவன் எழப் பார்க்கும்போதெல்லாம், "உக்காருங்க மாப்பிள்ளை," என்று அத்தை சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பியாதினா ஒரே புள்ளியில் தோற்றது. ஆனால் நீவெஸ் ஒரு பக்கத்தை அடைத்து நின்ற அழகைப் பார்த்து எர்மெஸ் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல இரண்டு அணியினரும் தோள்மேல் கை போட்டு வட்டமாக நின்று ஒருவருக்கொருவர் நன்றி சொன்னார்கள். எர்மெஸையும் அத்தையையும் வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஜெயித்த பதுவா அணியின் தலைவி பேசினாள்.

"ஃபைனலுக்கு முன்னாடி யாரும் கேக்காமலேயே தன் காயத்தைச் சொல்லி விலகினவர் இவர். இந்த வருஷ நேர்மைப் பரிசு எர்மெஸ் அண்ணனுக்கு!"

கைதட்டல் அலையை அமுக்கியது. எர்மெஸ் பரிசை வாங்கினான். கை சுட்டது. இருபது வருஷமாக அவன் பொய் சொல்லாத வட்டம் இது.

"இதை நான் வாங்கக் கூடாது," என்று பரிசைத் திருப்பி நீட்டினான். "நேர்மையால சொல்லலை. இயோலே அத்தையோட பிறந்தநாள் விருந்துக்குப் பயந்து சொன்னேன். அத்தை, மன்னிச்சிடுங்க. உங்க விருந்தாலதான் என் கால் தப்பிச்சுது."

அத்தை பீச் கொட்டையைத் துப்பினாள்.

"என்ன விருந்து? என் பிறந்தநாள் நவம்பர்ல, மாப்பிள்ளை."

வட்டம் மொத்தமும் நீவெஸைப் பார்த்தது. எர்மெஸும் பார்த்தான். இரண்டு மாதம் முன்பே வாங்கி வைத்த டாக்டர் நேரம் இப்போதுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கோபம் வருமா என்று ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தான். வரவில்லை.

"நன்றி, நீவெஸ்," என்றான், மனசார.

அவள் அவன் தோளிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"நீ சொன்ன மாதிரியேதான். ஒரு பக்கத்தைத் திறந்து விட்டா, நன்றி சொல்லிட்டுத்தான் எறியறாங்க."