எட்டுப் பாட்டுக்கு எட்டுப் படம்

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்துமூன்று வயது வரை, எந்த மொழிப் பாட்டானாலும் அது ஏதோ ஒரு படத்தில் இருந்துதான் வருகிறது என்று நம்பியிருந்தேன். (சிரிக்காதீர்கள். நீங்கள் குளிக்கும்போது பாடும் பாட்டுகளில் படத்தில் வராதது எத்தனை?) ஆங்கிலப் பாட்டுக்கும் எங்கோ ஒரு கதாநாயகன் மரத்தைச் சுற்றி ஓடியிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொன்றியலில் இருபத்தாறு வருடம் இருந்தும் திருந்தவில்லை. டவுன்டவுனில் வேலை செய்த சமையலறையில் பிரெஞ்சு ரேடியோ, காரில் தமிழ்ப் பாட்டு. ஆங்கிலம் நுழைய இடம் இருக்கவில்லை.

பிறகு மகள் அபி, நகரின் மேற்கே ரொக்ஸ்பரோவில் இருக்கும் கிரஹாமின் மகனைக் கல்யாணம் செய்தாள். சம்பந்தி கிரஹாம் பேஸ்மென்ட் முழுக்க இசைத்தட்டு அடுக்கி வைத்திருப்பவர். ஐம்பதுகள் தொடங்கி இன்று வரை, பத்து வருடத்துக்கு ஒன்றாக எட்டு ஆங்கிலப் பாட்டுகளை வரவேற்பில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. மைக்கில் அறிமுகம் செய்ய ஓர் ஆள் வேண்டுமாம். "நான் ஊரில் அறிவிப்பாளர்" என்று என் வாய் முந்திக்கொண்டது. (கோயில் திருவிழாவில், காணாமல் போன செருப்புக்கு அறிவிப்புச் செய்தவன் நான்.)

"அப்பா, உங்களைப் பற்றி அவையளுக்கு எவ்வளவு பெருமையாச் சொல்லி வச்சிருக்கிறன் தெரியுமோ?" என்றாள் அபி. "என்ர மானத்தை வாங்கிப்போடாதேங்கோ."

மண்டபத்தில் கிரஹாம் பட்டியலைத் தந்தார். பாட்டின் பெயர், பாடியவர், வருடம். படத்தின் பெயரைக் காணோம். பாவம், மறந்துவிட்டார். கேட்டால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும். கழிவறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டினேன். மனைவி கதவைத் தட்டினாள்.

"என்னப்பா, உள்ளுக்க என்ன செய்யிறியள்?"

"எழுதுறன்."

"கக்கூசுக்குள்ள இருந்தோ?"

பத்து நிமிடத்தில் எட்டுப் படம் எடுத்து முடித்தேன். எந்தத் தயாரிப்பாளரும் செய்யாத சாதனை.

முதல் பாட்டுக்குக் குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிவித்தேன்: "'தி லோன்லி பார்மசிஸ்ட்' என்ற வெற்றிப் படத்திலிருந்து..." கிரஹாமின் சொந்தக்காரர்கள் அமைதியானார்கள். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் பாட்டுத் தொடங்கியதும் நானே அமைதியாகிவிட்டேன். ஒரே ஒரு கிட்டாரோடு ஒருவன் மண்டபத்தை நிமிர வைத்தான். அடுத்த பத்து வருடத்தில் நாலு பொடியன்கள், ஒரே தொண்டை போலப் பாடினார்கள். எழுபதுகளின் மேளம் என் முழங்கால் வலியைக் கேட்காமலே காலை ஆட்டியது. எண்பதுகளில் மெஷின் பாடியது, அதற்கும் மனசு இருந்தது. இவ்வளவும் இத்தனை நாள் என் பக்கத்து வீட்டில் ஒலித்திருக்கிறது. நான் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்!

ஐந்தாவதற்கு முன் கிரஹாம் காதருகில் வந்தார்.

"நண்பரே, இவை எதுவுமே படப் பாட்டு இல்லை. அவர்களே எழுதினார்கள், அவர்களே பாடினார்கள்."

"அப்படியென்றால் நடித்தது யார்?"

"ஒருவரும் இல்லை."

அதற்குள் நாலு படத்தை வெளியிட்டு முடித்திருந்தேன். மணமக்கள் இருந்த மேடையைப் பார்த்தேன். அபி இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. பிள்ளை அழுகிறாள்! நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினேன்.

"அம்மாச்சி, அப்பாவை மன்னிச்சுக்கொள்..."

கையை எடுத்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ அப்பா, நிப்பாட்டிப்போடாதேங்கோ. அடுத்தது என்ன படம்?"

அடுத்த மூன்றுக்கும் படம் சொன்னேன். கிரஹாமின் ஆட்கள் படப் பெயருக்கே கைதட்டினார்கள். எட்டாவதற்கு மட்டும் உண்மையைச் சொன்னேன்: "இதற்குப் படம் இல்லை. ஒரு பெண் தன் அறைக்குள் இருந்து, தானே எழுதித் தானே பாடியது." எங்கள் பக்கத்தில் ஒருவரும் நம்பவில்லை.

சாப்பாட்டு மேசையில் என் மனைவியின் அண்ணர் கிரஹாமைப் பிடித்து வைத்து, 'தி லோன்லி பார்மசிஸ்ட்' படத்தைத் தான் கொழும்பில் இரண்டு தரம் பார்த்ததாகவும், கடைசியில் அந்த ஆள் செத்துப்போவதாகவும் ஆங்கிலத்தில் விளக்கினார். இப்போதும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கிரஹாம் அவரிடம் அந்தக் கதையைக் கேட்கிறார். ஒவ்வொரு தரமும் பார்மசிஸ்ட் வேறு விதமாகச் சாகிறான்.