மிளகாய்த்தூளுக்குள் முப்பத்திரண்டு ஸ்பெஷல்

நான் துப்பாக்கி வைத்திருந்தவன். இதை லண்டனில் ஒரு யாழ்ப்பாணத்தான் சொன்னால் கேட்கிறவர்கள் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, இரும்பு அலுமாரிப் பூட்டை ஆட்டிப் பார்த்து, அனுமதிப் பத்திரம் தந்து வைத்திருந்த துப்பாக்கி அது. சுட்டதெல்லாம் மட்டையில் கீறிய வட்டங்களைத்தான். அதனால் ஒரு எறும்புக்குக்கூடக் காயம் வந்ததில்லை. காயப்பட்டது ஒரேயொரு மனிதர், அவரும் அந்தத் துப்பாக்கியைக் கண்ணாலும் கண்டதில்லை.

எண்பதுகளின் கடைசி. லண்டனின் தெற்கு ஓரத்தில், சட்டனில் ஒரு அச்சகத்தில் எனக்கு வேலை. கூட வேலை செய்த டெரிக் என்ற வெள்ளைக்காரர் சனிக்கிழமைகளில் சுடும் கிளப்புக்குப் போவார். ஒருநாள் சும்மா வந்து பார் என்று கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒருவர் கௌபாய் படத்தில் வருகிற லீவர் ரைபிள் வைத்திருந்தார். விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னுக்குத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறும். யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் முன்வாங்கில் இருந்து விசிலடித்த பதினைந்து வயதுப் பெடியன் எனக்குள் எழும்பிவிட்டான். (படிக்கச் சொன்ன காலத்தில் அவன் ஒருநாளும் எழும்பியதில்லை.)

எந்த அளவுக் குழல் வாங்குவது என்பதில்தான் எனக்குச் சனி பிடித்தது. கடைத் தோட்டா எங்களுக்குக் கட்டாது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுக்குள் புது வெடிமருந்தும் குண்டும் வைத்து, வீட்டு மேசையில் கையால் நிரப்புவதுதான் வழக்கம். அந்த நாட்களில் கோது கிடைப்பதே குதிரைக் கொம்பு. டெரிக் தெளிவாகச் சொன்னார்: முந்நூற்று ஐம்பத்தேழு என்ற அளவில் வாங்கு, கிளப்பில் பாதிப் பேருடைய கைத்துப்பாக்கியும் அதே அளவு, பின்னேரம் குனிந்து தரையில் பொறுக்கினாயென்றால் ஆயுசுக்கும் கோதுக்குப் பஞ்சமில்லை.

பொறுக்கு என்ற சொல்தான் என்னைச் சுட்டது. லண்டனுக்கு வந்த முதல் வருடம் ஸ்ட்ரெதத்தில் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் குப்பை பொறுக்கியவன் நான். இனி இந்த நாட்டில் எவன் போட்டதையும் குனிந்து எடுப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். டெரிக்குக்குச் சொல்லாமல் கடைக்குப் போய் முப்பத்திரண்டு ஸ்பெஷல் என்ற அளவில் ஒரு பழைய ரைபிளைப் பார்த்து வைத்தேன். ஏன் அது? பெயரில் ஸ்பெஷல் இருந்தது. கிளப்பில் வேறு ஒருவரிடமும் அது இல்லை. ஏன் இல்லை என்று இந்த மேதாவி யோசிக்கவில்லை. அனுமதிப் பத்திரத்திலும் அந்த அளவையே எழுதுவித்தேன். எழுதினால் எழுதினதுதான், மாற்றுவதென்றால் மறுபடியும் பொலிசுக்கு விண்ணப்பம் போட வேண்டும்.

ரைபிளோடு வந்த நாற்பது கோதுகளும் பழசு. இரண்டாம் முறை நிரப்பிச் சுட்டபோது ஒவ்வொன்றாகக் கழுத்து வெடித்தது. புதுக் கோது கேட்டு நான் ஏறாத கடையில்லை, எல்லாக் கடைக்காரரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பிறகு சனிக்கிழமைகளில் மற்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். டெரிக் ஒருநாள்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் வதனி, ரொறன்ரோவில் இருந்தாள். எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கதைத்து, எனக்கு அவள்தான் என்று முடிவாகிவிட்டது. அவளுக்கும் அப்படித்தான். ஆனால் அவளுடைய தகப்பன் தம்பிராசா என்னை நேரில் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வாராம். ஊரில் முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்துவிட்டு மகளோடு ரொறன்ரோவுக்கு வந்தவர். இந்த வயதில் எனக்காகப் பிளேன் ஏறப்போகிறார்.

எங்கள் ஆட்கள் பிளேன் ஏறினால் அவர்களுடைய பெட்டி அவர்களுக்குச் சொந்தமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் போகிறார் என்றால் நாலு வீட்டுப் பொதியும் அவரோடு போகும். மறுப்பது மரியாதையில்லை. ரொறன்ரோவில் என் மச்சான் சிவம் இருந்தான். அங்கே கோது தாராளமாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, வெற்றுக் கோது நூறு வாங்கி ஆரிடமாவது கொடுத்துவிடு என்று சொல்லியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன் எடுத்தான்.

"மச்சான், சாமான் ரெடி. ஆர் கொண்டு வாறார் எண்டு சொல்லு பாப்பம். உன்ரை மாமனார்."

அந்த இடத்தில் ஒரு மனிதனாகப் பிறந்தவன் வேண்டாம் என்று சொல்லியிருப்பான். நான் பாரம் கூடிவிடாதே என்று கேட்டேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இதையும் சொன்னேன்:

"அவருக்கு உள்ளுக்கு என்ன எண்டு சொல்லாதை. பயந்து போவார்."

சிவம் மூளைசாலி. பால்மாத் தகரத்தில் கோதுகளைப் போட்டு, மேலே மிளகாய்த்தூளைக் கொட்டி நிரப்பினான். தன் மனைவி திரித்த தூள் என்றால் எனக்கு உயிர் என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். (இங்கே லண்டனில், ஈஸ்ட் ஹாமில் கடைக்குக் கடை தூள் விற்கிறது. பாவம், அவருக்கு அது தெரியாது.)

விமான நிலையத்தில் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். பிளேன் இறங்கி ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம். வெளியே வந்த சனம் எல்லாம் கட்டிப்பிடித்து அழுது முடித்துப் போய்விட்டது. அப்போது ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், தகவல் மேசைக்கு வரட்டாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

நான் தகவல் மேசைக்குப் போகவில்லை. லிப்டில் ஏறி, கார் நிறுத்துமிடத்துக்குப் போய், காருக்குள் இருந்து கதவைப் பூட்டினேன். இருபது நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். ஊரில் ஆமிக்காரர் மறித்து வைத்துக் கேள்வி கேட்டதற்காகவே நாட்டை விட்டு வந்த மனிதர், என்னால் இங்கே ஒரு அறைக்குள் இருக்கிறார், நான் காருக்குள் இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் இறங்கிப் போனேன்.

சுங்க அறை மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, நூறு கோதையும் பத்துப் பத்தாக அடுக்கி வைத்திருந்தார்கள். தகரத்துக்குள் கைவிட்ட இளம் அதிகாரி அதே கையால் கண்ணைத் துடைத்திருக்கவேண்டும், ஒரு மூலையில் நின்று கண்ணுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் சிவப்புத் தூள். அது மிளகாய்த்தூள் என்று அவர் ஒரு மணித்தியாலமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தாராம்.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொலிசுக்குப் போன் போட்டு என் பத்திரத்தை உறுதிப்படுத்தினார்கள். பெரிய அதிகாரி ஒரு கோதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவரும் சுடுகிறவராம். வெற்றுக் கோதுக்கு அனுமதியே தேவையில்லை, மறைக்காமல் கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டிருப்போம் என்றார். அதோடு விட்டாரா? முப்பது-முப்பது என்கிற கோது லண்டனிலேயே தேடினால் கிடைக்குமாம், அதன் வாயைச் சற்று விரித்தால் என் ரைபிளுக்கு அச்சொட்டாகப் பொருந்துமாம், கிளப்பில் யாரையாவது கேட்டிருக்கலாமே என்றார்.

மாமாவின் ஆங்கிலம் தபால் கந்தோர் ஆங்கிலம், ஒரு சொல் தவறாது. எல்லாம் விளங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"முப்பத்தொரு வருசம் பொதி வாங்கினனான், தம்பி. உள்ளுக்கு என்ன எண்டு கேளாமல் வாங்கினது இந்த ஒண்டுதான். மருமோனுக்கெண்டு கேக்கேல்லை."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. அவருடைய பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன். சட்டன்வரை ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். வதனியிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு சிக்னலிலும் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு ரொறன்ரோவுக்குப் போன் எடுத்துத் தரச் சொன்னார். நான் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். சுகமாக வந்து சேர்ந்ததாகச் சொன்னார். பிறகு, "ஓம், பெடியன் நேரத்துக்கு வந்து நிண்டவன். கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ" என்றார். நான் குசினி நிலத்தில் இருந்துவிட்டேன்.

அடுத்த கிழமையே ரைபிளைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். கோதுக் கதையை மறைக்க முடியவில்லை, சிவத்துக்கு வாய் நிற்காது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது பொதி நீட்டினால், "கோது இல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். தீபாவளிக்கு ஒருமுறை, வருடப்பிறப்புக்கு ஒருமுறை, கதை முழுதாக நடித்துக் காட்டப்படும். கண்ணைத் துடைக்கும் அதிகாரியாக நடிப்பவள் என் மகள்.

போன தீபாவளிக்கு அவள் நடிப்பை நிறுத்திவிட்டு, பெயரைக் கூப்பிட்டதும் அப்பா என்ன செய்தார் என்று கேட்டாள். நான் தண்ணீரை எட்டி எடுத்தேன். மாமா நிமிராமல், உடனேயே ஓடி வந்தவர் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்து, குசினியில் நானும் அவரும் தட்டுக் கழுவினோம்.

"அண்டைக்கு என்னை மறிச்சு வைச்ச இடத்துக் கண்ணாடிக் கதவு திறந்து திறந்து பூட்டினது, தம்பி. பேரைக் கூப்பிட அந்தப் புதுக் கோட்டோடை நீர் லிப்ட் பக்கம் போனதைக் கண்டனான்."

"மாமா..."

"ஆருக்கும் சொல்லேல்லை. பயம் எல்லாருக்கும் வாறதுதான். ஆனால் திரும்பி வந்தீர். அதுக்குத்தான் பெட்டையைத் தந்தனான்."

அன்றைக்கு ஏன் திரும்பினேன் என்று அவருக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். தைரியம் வந்ததால் அல்ல. காருக்குள் இருக்கும்போதுதான் சிவம் போனில் கடைசியாகச் சொன்னது நினைவு வந்தது. தகரம் மாறிவிடக் கூடாது என்று என் முழுப்பெயர், வீட்டு இலக்கம், போன் நம்பர் எல்லாம் தடித்த பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறானாம். ஓடியும் பிரயோசனமில்லை.

மாமாவுக்கு இப்போது கண் பார்வை குறைவு. பத்திரிகை, புத்தகம் எல்லாம் வதனிதான் வாசித்துக் காட்டுகிறாள். இந்தக் கதை வரும் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுப்பேன்.