சோப்பு தடவிய வில்

அரண்மனைப் பிரபு கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தியபோது, புரோகோப்பின் வில் மட்டும் இன்னும் இரண்டு முறை போய் வந்தது. சத்தம் வரவில்லை. வராது. வில்லின் மயிரில் பிசினுக்குப் பதில் சோப்பைத் தேய்த்திருந்தான்.

மொராவியாவின் அந்த அரண்மனையில் பரிமாறுகிறவர்கள்தான் சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தியக்காரர்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலா வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டான். வேலையோடு லாயத்துக்கு மேலே ஓர் அறையும் கிடைத்தது. வேலை போனால் அறையும் போகும். வெளியே பனி, மனைவி தொரோதாவுக்கு எட்டாம் மாதம்.

சோப்பு கொடுத்தவள் சலவைக்காரி ரோஸினா. எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

பிரபு புல்லாங்குழலை மடியில் கிடத்தினார். முதுகில் காற்றுப் படக்கூடாதென்று அவர் நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் கனத்த திரை ஒன்று தொங்கும்.

"என் குழலை அமுக்காம வாசிக்கிறவன் இவன் ஒருத்தன்தான். முன்னால வந்து உக்காரு."

இதுவரை முன்னால் இருப்பவனைப் பார்த்துத்தான் விரல் வைத்தான்; முன்வரிசையில் அப்படிப் பார்க்க யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டான். பிரபு அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிஷப் முன்னால் தாங்கள் இருவர் மட்டும் வாசிக்கப்போவதாக அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை விரலில் துணி சுற்றிக்கொண்டு போனான். பிரபு தன் வைத்தியரை அனுப்பினார். வைத்தியர் துணியை அவிழ்த்து, காயத்தைத் தேடிப் பார்த்து, தன் களிம்பில் ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டார். களிம்பை இன்னும் திறக்கவேயில்லை.

சனிக்கிழமை தந்திகளை அறுத்தான். பிரபு தன் தாத்தாவின் வயோலாவையே கொடுத்தனுப்பினார்.

"என்னங்க, முகமே சரியில்ல," என்றாள் தொரோதா. பிஷப் வருகிறார் என்றான். அவள் தொட்டிலை எந்த மூலையில் போடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிறு காலை, உண்மையைச் சொல்லிவிடுவதென்று கூடத்துக்குப் போனான். பிரபு இல்லை. திரையருகே ரோஸினா ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது.

"ரோஸினா, எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு சுரம்கூடத் தெரியாது."

அவள் திரையை விலக்கினாள். உள்ளே ஏற்கெனவே ஒரு நாற்காலி இருந்தது. கொண்டுவந்ததை அதன் பக்கத்தில் போட்டாள்.

"தெரியும்ணே. அது பிரபுவுக்காகக் குழல் ஊதுறவருக்கு. இது உங்களுக்காக வாசிக்க வர்றவருக்கு."