ஆனைப்புத்தூர் ஏரி கடலான வழக்கு

உத்திரமேரூரை அடுத்த ஆனைப்புத்தூரில் ஏரி ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக அது ஏரியாகவே இருந்து வந்தது. அதைக் குறித்து யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. அது கடலாகப் பதவி உயர்வு பெற்ற வரலாற்றை மாகறலில் ஒருவிதமாகவும் தென்னேரியில் வேறுவிதமாகவும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பொதுவானவற்றை இங்கே தருகிறேன். மாறுபடும் இடங்களை அங்கங்கே சுட்டுவேன்.

அந்த ஆண்டு, ஏரியுள்ள ஊர்களுக்கெல்லாம் படகு விடுவது நாகரிகமாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் நாகரிகம், ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்துகளில் நட்டு அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வது. ஆனைப்புத்தூர் மக்கள் உடைந்த மதகைச் சரிசெய்து தருமாறு மனு அளித்திருந்தனர். மனு உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டு, லாரியில் ஓர் அன்னப்படகு வந்து இறங்கியது.

ஊராட்சித் தலைவர் சுப்பிரமணி, படகை வெறுமனே தள்ளிவிடுவது ஊருக்கு இழுக்கு என்று கருதினார். தேரோட்டம் போல வடம் பிடித்துத்தான் அது நீரில் இறங்கவேண்டும் என்று ஆணையிட்டார். படகு சக்கரப் பலகையில் ஏற்றப்பட்டது. கோயில் வடம் கொண்டுவரப்பட்டது. சிறப்பு விருந்தினர் மாலையோடு படகுக்குள் அமர்ந்தார். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட, ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து ரங்கன் அழைக்கப்பட்டார். ஆண்டுதோறும் தேருக்குக் கட்டை போடுகிறவர் அவர். வடத்தைத் தொடும் உரிமை அக்குடியிருப்பினருக்குக் கிடையாது. சக்கரத்தடியில் கை வைக்கும் உரிமையோ அவர்களுக்கு ஒருநாளும் மறுக்கப்பட்டதில்லை.

தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "இந்தப் படகு ஆனைப்புத்தூர் நீர்விளையாட்டுச் சங்கத்துக்குச் சொந்தம். வடம் புடிச்சவங்க, கட்டை போட்டவங்க, அல்லாரும் சங்கத்துல உறுப்பினருங்க. தலைவரு நானே."

கைதட்டல் எழுந்தது. விருந்தினர் புகைப்படத்துக்காகக் கையை அசைத்தார். தேரோட்டத்தில் மேலே இருப்பவர் கையசைத்தால் வடம் அசைய வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம். வடம் அசைந்தது. படகின் மூக்கு நீரைத் தொட்டது. ரங்கனின் வலக்கை சக்கரத்துக்கும் கட்டைக்கும் இடையில் இருந்தது.

காஞ்சிபுரத்துக் கை மருத்துவர் காயத்தின் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அறுந்த நரம்பை அறுவை செய்து சேர்த்தால் விரல்கள் மடங்கும் என்றார், செலவாகும் என்றார், சீக்கிரம் வரச்சொன்னார். அறுவடைக் கூலியும் வலைவீச்சுமே ரங்கனின் பிழைப்பு. இரண்டுக்கும் விரல் மடங்கவேண்டும்.

"தலைவர கேளு. அவுருதான கூப்ட்டாரு," என்றாள் மனைவி கங்கம்மாள்.

தலைவர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். "இன்னா ரங்கா, உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம். ஆனா முறைன்னு ஒண்ணு கீதில்ல? யாரு பொறுப்புன்னு மொதல்ல தெரியணும். நீ கேஸு போடு. தெரிஞ்சிடும்."

இவ்வாறாக, தலைவரின் அறிவுரைப்படியே தலைவரின் ஊராட்சிமீது வழக்குத் தொடரப்பட்டது. ரங்கனுக்காக வாதாடியவர் தினேஷ்குமார் என்ற இளம் வழக்கறிஞர். விசாரணைதோறும் ஊரே வேன் பிடித்து நீதிமன்றத்துக்கு வந்தது. எதிரே இருந்த கடையில் நாஷ்டா நன்றாக இருக்கும் என்பது மாகறலார் கூறும் காரணம். ரங்கன்மீது கொண்ட அக்கறை என்பது தென்னேரியார் கூறுவது. அவர்கள் அந்தக் கடையில் சாப்பிட்டதில்லை.

வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மூன்றாம் ஆண்டில் ஊராட்சி தன் பதிலைத் தாக்கல் செய்தது: படகு எங்களுடையது அன்று, அது நீர்விளையாட்டுச் சங்கத்தினுடையது.

"சரி, சங்கத்தையும் பிரதிவாதியா சேத்துடலாம். காயம் பட்டதுலேந்து மூணு வருஷம் டைம் கீது," என்றார் தினேஷ்குமார்.

அப்போதுதான் அரவிந்தன் வந்தார். சென்னைத் துறைமுக வழக்குகளில் தலைநரைத்த அந்த வழக்கறிஞரைச் சங்கம் தன் சார்பில் அமர்த்தியிருந்தது. அவருடைய வாதம் எளிமையானது. படகு என்பது கலம். கலத்தால் நேர்ந்த காயம் கடல்சார் காயம். கடல்சார் காயத்துக்குக் காலவரம்பு இரண்டே ஆண்டு. ஆகவே சங்கத்தைச் சேர்க்கும் காலம் கடந்துவிட்டது.

"அது ஏரிங்க," என்றார் தினேஷ்குமார்.

"அது அரசுதான் சொல்லணும்," என்றார் அரவிந்தன்.

அரசு சொல்வதற்காக, நீர்ப்பரப்பு வகைப்பாட்டு அலுவலர் தானியேல் ஜீப்பில் வந்தார். கண்ணாடியை அலுவலகத்தில் மறந்துவிட்டபடியால் அவருக்கு எதிர்க்கரை தெரியவில்லை.

"அக்கரை தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது சார். அதோ, மாடு மேயுது," என்றார் ரங்கன்.

"நான் ஆய்வு அலுவலர். எனக்குத் தெரியணும்."

காற்றடித்தது, அலை இருப்பதாகக் குறிக்கப்பட்டது. நீர் உப்பாக இல்லையே என்ற ஐயம் எழுந்தபோது, அது பருவமழைக்குப் பிந்தைய தற்காலிக நிலை என்று தீர்க்கப்பட்டது. வெளிநாட்டுப் பறவைகள் நின்றன. எனவே பன்னாட்டுத் தொடர்பு நிறுவப்பட்டது. மேற்படி ஏரியை, மேற்படி வழக்கின் பொருட்டும் பிற பொருட்டும், கடல் எனக் கருதுவதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று சான்று வழங்கப்பட்டது.

சான்றுக்கு எதிராக ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுவாரமே "கடல் பார்த்த மனைகள்" என்ற பலகை கழனியில் முளைத்தது. டீக்கடை சசிரேகா டீயை நிறுத்திவிட்டுத் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்கத் தொடங்கினாள். பிள்ளைகள் கரைமேல் குளிர்கண்ணாடி போட்டு நின்று படம் எடுத்தார்கள். மதகைப் பற்றி மீண்டும் மனு கொடுத்தவர்களுக்கு, கடலுக்கு மதகு வைக்கும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. அன்று மட்டும் சிலர் முகம் சுளித்ததாகத் தென்னேரியில் சொல்கிறார்கள்.

கங்கம்மாள் கேட்டாள்: "நேத்து வரிக்கும் ஏரியில கொடம் முக்கினு வந்தேன். இன்னிக்கி கடல்ன்றீங்க. அப்ப என் வூட்டு சோறு இன்னாத்துல வெந்துது?"

"பேஜார் பண்ணாத கங்கம்மா. கடல்ல வெந்த சோறுன்னா கௌரவம்தானே," என்றார் தலைவர்.

நீதிபதி பொறுமைசாலியான அம்மையார். காலம் கடந்த பின்பும் ஒரு பிரதிவாதியைச் சேர்க்க இடமுண்டு என்று அவர் விளக்கினார். முதலில் விட்டுப்போனது நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறாக இருக்கவேண்டும். சேர்க்கப்படுபவர் வழக்கைத் தொடக்கம் முதலே அறிந்திருக்கவேண்டும். அறியாதவரைத் திடீரென்று இழுத்து வருவது அநீதி.

ரங்கனின் தவறு நல்லெண்ணத் தவறு என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கைதட்டலில் சங்கத்தின் பெயர் தன் காதில் விழவில்லை என்று அவர் சொன்னதை எவரும் மறுக்கவில்லை. அடுத்து, சங்கத்தின் தலைவர் என்ற முறையில் சுப்பிரமணி கூண்டேறினார்.

"இந்த வழக்கு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் தினேஷ்குமார்.

"ஊராட்சித் தலைவரா தெரியும். சங்கத் தலைவரா தெரியாது."

"ரெண்டும் நீங்கதான?"

"ஊராட்சிக்கு வந்த சம்மன ஊராட்சியில வெச்சேன். சங்கத்துக்குச் சொல்லல. ஊராட்சி ரகசியத்த வெளியாளுக்குச் சொல்றது தப்பு."

"வெளியாளு யாரு?"

"நான்தான்," என்றார் சுப்பிரமணி, சற்றும் தளராமல்.

சங்கம் என்பது உறுப்பினர்கள்தானே, அவர்களில் ஒருவர் அறிந்திருந்தாலும் போதும் என்றார் நீதிபதி. வடம் பிடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கூண்டேறினார்கள். வேனில் முன்சீட்டுக்குச் சண்டை போட்டவர் தெரியாது என்றார். வாய்தாதோறும் பொங்கலுக்கு இரண்டாம் முறை சாம்பார் கேட்டவர் தெரியாது என்றார். இத்தனை முறை எதற்கு இங்கே வந்தீர் என்று கேட்டதற்கு, காற்றோட்டமான இடம் என்றார். ஊரே சத்தியம் செய்து முடித்தது.

"கட்டை போட்டவர்களும் உறுப்பினர்கள் என்று அறிவிப்பில் இருக்கிறதே. கட்டை போட்டவர் யார்?" என்று நீதிபதி கேட்டார்.

கடைசியாக ரங்கன் கூண்டேறினார்.

"வழக்கு உமக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நான்தான போட்டேன்."

"தொடக்கம் முதலே?"

"மொத நாள்லேந்து."

தினேஷ்குமார் தலையில் கைவைத்துக்கொண்டார். அரவிந்தன் எழுந்து, நீதியின்முன் தலைவணங்குவதாகச் சொன்னார். ரங்கன் தொடுத்த வழக்கில், நீர்விளையாட்டுச் சங்கமாகிய ரங்கன் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டார். ரங்கனுக்கு நேர்ந்த காயத்துக்கு ரங்கனே பொறுப்பு என்றும், சங்கத்தின் உடைமையிலிருந்து ஈடு பெறலாம் என்றும் தீர்ப்பாயிற்று. அறியாதவர்களுக்குச் சங்கத்தின் கடனிலும் பங்கில்லை, உடைமையிலும் பங்கில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. ஊர் அந்த வரியின் முன்பாதியைக் கேட்டதும் கலைந்து நாஷ்டாவுக்குப் போய்விட்டது.

"ஜெயிச்சிட்டமா சார்?" என்றார் ரங்கன்.

"ஜெயிச்சிட்ட. தோத்ததும் நீதான். படகு உன்னுது, எடுத்துக்க."

ஒற்றைக் கையோடு ஒரு மனிதன் அன்னப்படகை வைத்து என்ன செய்வான் என்று ஊர் சிரித்தது. தீர்ப்பு வந்த சில மாதங்களில், கடலோர ஊர்களின் படகுச் சங்கங்களுக்கு மானியம் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் சான்று பெற்ற கடல் ஒன்றுதான். அதில் சங்கமும் ஒன்றுதான். சங்கத்துக்கு ஆளும் ஒருவர்தான். படகுத்துறையின் சாவி ரங்கனிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளிர்கண்ணாடி அணிந்தவர்கள் கரையில் வரிசையில் நின்றார்கள். கங்கம்மாள் சீட்டுக் கிழித்தாள். தலைவரும் சீட்டு வாங்கித்தான் ஏறவேண்டியிருந்தது. எந்தத் தலைவராக ஏறுகிறீர்கள் என்று அவள் கேட்டாள் என்பது மாகறல் பாடம். தென்னேரியில் இது இல்லை. இருந்திருக்கலாம்.

அதன்பின் ஊர் மொத்தமாக நீதிமன்றம் போயிற்று. நாங்களும் வடம் பிடித்தோம், எங்களையும் அந்த வழக்கில் சேர்க்கவேண்டும் என்பது மனு. நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"காலம் கடந்துவிட்டது. வழக்கைத் தொடக்கம் முதலே அறிந்திருந்தீர்களா?"

அறிந்திருந்தோம் என்றால் முன்பு செய்தது பொய்ச் சத்தியம். அறியவில்லை என்றால் சேர்க்க வழியில்லை. ஊர் சுப்பிரமணியைப் பார்த்தது. சுப்பிரமணி அரவிந்தனைப் பார்த்தார். அவர் வேறு ஒரு கடலுக்குப் போகவேண்டியிருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார். இவ்விடத்தில் கேட்போர் சிரிக்கவேண்டும் என்பது எல்லா ஊரிலும் முறை. பெரும்பாலோர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

ஏரிக்கரைக் குடியிருப்பில் இதற்கு மேலும் கொஞ்சம் சொல்கிறார்கள். முதல் மானியம் வந்த மறுநாள் ரங்கனும் கங்கம்மாளும் காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறினார்கள். அதே மருத்துவர் விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார். மடக்கச் சொன்னார். பிறகு கையை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு ஒரு காலம் உண்டுப்பா. நரம்பு சுருங்கிப்போச்சு. அப்பவே வந்திருக்கணும்."

ரங்கன் மேசைமேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லெண்ணத்துல நேந்த தவறுன்னு கோர்ட்டுலயே ஒத்துக்கினாங்க டாக்டரு," என்றார். "வேணும்னா அந்த ஜட்ஜம்மாகிட்ட எழுதி வாங்கினு வரேன். லேட்டானாலும் சேத்துக்குவாங்க அவுங்க."