பென்னாகரம் காட்டுல நான் பாக்காத யானை

போன ஞாயித்துக்கிழமை காட்டுக்குப் போறதா இருந்துச்சு. அவ்ளோதான் வேலை.

பென்னாகரத்தைத் தாண்டி இருக்கிற பாதுகாக்கப்பட்ட காடு. பர்மிஷன் வாங்குனா வனக்காவலர் கூட்டிட்டுப் போவாரு. "வூட்ல துணி ஊறுதுங்க, எனக்கெதுக்கு காடு?"ன்னா என் பொண்டாட்டி சுமதி. நான்தான் விடல.

தர்மபுரியில பஸ் ஏறுனதுல இருந்து அவளுக்கு க்ளாஸ் எடுத்தேன். "யானை வந்தா ஓடக்கூடாது. கத்தக்கூடாது. என் பின்னாடி நின்னுக்க." எல்லாம் வீடியோ பாத்து வந்த ஞானம்!

முன் சீட்டுக்காரர் திரும்பி, "சார் ஃபாரஸ்ட் ஆபீசருங்களா?"ன்னு கேட்டாரு.

நான் மறுக்கல. அடக்கமா சிரிச்சு வெச்சேன்.

வனக்காவலர் மாதேஷ் அண்ணன் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. மிலிட்டரி சட்டை, தொப்பி, கழுத்துல பைனாகுலர். "எங்கயாச்சும் சண்டைங்களா சார்?"

அவரு கால்ல ரப்பர் செருப்பு.

கால் மணி நேரம் நடந்தோம். நான் வாயே மூடல. மரத்துக்கு மரம் பேர் சொன்னேன். அண்ணன் ரெண்டு தடவ திருத்துனாரு. அப்புறம் அவரும் மனுசன்தானே, விட்டுட்டாரு.

ஒரு வளைவுல சட்டுனு நின்னாரு. தரையில யானைச் சாணி. ஆவி பறக்குது!

"பேசாதீங்க. பக்கத்துலதான் நிக்குது."

படக்குனு மூங்கில் ஒடிஞ்சுச்சு.

"யம்மா!"ன்னு ஒரு அலறல். யாருன்னு பாத்தா, நான்! சுமதியை ஓரமாத் தள்ளிட்டு வந்த வழியே ஓடறேன். தொப்பி போச்சு. முள்ளுச்செடி சட்டையில பாதிய வாங்கிக்கிச்சு. செக்போஸ்ட்லதான் நின்னேன்.

அங்க இருந்த காவலர் கேட்டாரு: "கூட வந்த அக்கா எங்கங்க?"

அப்பதான் எனக்குக் கல்யாணம் ஆனதே ஞாபகம் வந்துச்சு.

திரும்பிப் போகலாம்னா கால் நகர மாட்டேங்குது. கண்ணுல தண்ணி. கும்பிடாத சாமி இல்ல.

அரை மணி நேரம் கழிச்சு வர்றா. முகமெல்லாம் சிரிப்பு!

"ஏங்க, குட்டியோட நின்னுச்சுங்க! பள்ளத்துக்கு அந்தாண்ட. அதுபாட்டுக்கு மூங்கில் தின்னுச்சு. நாங்க அசையாம நின்னு பாத்தோம்."

"அக்கா நல்ல தைரியம்"னாரு மாதேஷ் அண்ணன். என்னைப் பத்தி எதுவும் சொல்லல. மரியாதையான மனுசன்.

திரும்பி வர்றப்ப பஸ்ல மச்சினிச்சி போன் பண்ணுனா. ஸ்பீக்கர்ல கேக்கறா: "மாமா யானையப் பாத்தாரா அக்கா?"

"இல்லடி"ன்னா சுமதி. "யானைதான் மாமாவப் பாத்துச்சு."