வெள்ளைச் சட்டையும் காக்கா காலனியும்

வளைகுடாவில் பிழைக்க ஆங்கிலம் தேவையில்லை. சரியான நேரத்தில் தலையாட்டத் தெரிந்தால் போதும். அந்தக் கலையில் நான் கரை கண்டவன். ஒரே ஒருமுறை தலையாட்டுவதோடு நிற்காமல் வாயைத் திறந்தேன். (சும்மா இருந்திருக்கலாம்.)

தொண்ணூறுகளின் நடுவில் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் பிக்கப் டிரைவராக இருந்தேன். கல்யாணமான சில மாதங்களிலேயே செல்வியைச் சாத்தூரில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன். அவளை அழைத்துவர வேண்டும், அதற்கு ஒரு வீடு வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு சிந்தனையே கிடையாது. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் ரூமிலோ எட்டுப் பேர், ஒரு பாத்ரூம்.

அப்போது கென் என்றொரு வெள்ளைக்காரர் ஏதோ ஆராய்ச்சிக்காக எங்கள் கம்பெனிக்கு வந்தார். அட்லாண்டிக் கடலில் ஒரு தீவுக் காலனியிலேயே பல வருஷம் கிடந்தவராம். "வெள்ளிக்கிழமை இங்கே ஒரு தீவில் இருக்கும் காலனியைப் பார்க்கப் போகிறேன், நீயும் வா" என்றார். எனக்குத் தெரிந்த காலனி சாத்தூர் ஹவுசிங் போர்டு காலனி ஒன்றுதான்.

"சார், காலனி... ஃபேமிலி அலவுட்?"

"ஃபேமிலியா? ஆயிரக்கணக்கில்!"

"வாட்டர், சார்?"

"அந்தத் தண்ணீர்தான் விசேஷமே! சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எல்லாம் ஃப்ரெஷ் ஃபிஷ்!"

(அவருடைய ஆங்கிலம் எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான்.)

அன்று மாலையே செல்வியின் எதிர்வீட்டுக்குப் போன் போட்டேன்.

"செல்வி, காலனியில வீடு பாக்கப் போறேன். கடலப் பாத்த வீடு. மீன் ஃப்ரீ!"

"நெசமாவாங்க? அக்கம்பக்கத்துல சொல்லட்டுமா?"

"தாராளமாச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றேன். ரூமில் மூத்தவரான சுலைமான் காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்) தன் அத்தரை எனக்குப் பூசிவிட்டார். "காலனி ஆபீஸ்ல கேட்டா கல்யாண போட்டோவக் காட்டு தம்பி. அப்பத்தான் நம்புவாங்க" என்றார். போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து எமிரேட்டான உம்முல் குவைனிலிருந்து படகு. கென் கிழிந்த சட்டையோடு வந்திருந்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். தீவு நெருங்கியதும் முதலில் வந்தது வாடை. அத்தர் தோற்றுப்போனது. அப்புறம் பார்த்தால், மணல் முழுக்கக் கன்னங்கரேலென்று ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

"சார், காலனி எங்கே?"

கென் இரண்டு கைகளையும் விரித்தார். "இதுதான்!"

நீர்க்காகங்கள். (பறவைகள் கூட்டமாகக் கூடுகட்டும் இடத்துக்கும் இங்கிலீஷில் காலனி என்றுதான் பெயராம்.) கண்ணுக்கெட்டிய தூரம் வரை குடும்பம் குடும்பமாக, குஞ்சும் குழந்தையுமாக. கடலுக்குப் போய் மீன் தின்றுவிட்டு வந்து ஊட்டிக்கொண்டிருந்தன. அந்த மனிதர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"சத்தம் போடாதே, உட்கார்" என்று சைகை காட்டினார். எனக்கு எங்கே உட்கார வரும்? "ஐயோ, செல்வி!" என்று அலறிவிட்டேன். அவ்வளவுதான். பக்கத்திலிருந்த கூட்டம் எழும்பி என் தலைக்குமேல் பறந்தது. பறந்தபடியே எனக்கு வெள்ளையடித்தது. மிரண்டுபோன ஒரு குஞ்சு, பாதி செரித்த மீனை என் ஷூமேல் கக்கியது. (ஃப்ரெஷ் ஃபிஷ்!)

கொஞ்ச நேரத்தில் பறவைகள் அடங்கின, கென் அடங்கவில்லை. படகுக்குத் திரும்பி அவர் திட்டத் திட்ட எனக்கு அழுகை முட்டியது. போட்டோவை எடுத்து நீட்டினேன். "வைஃப், சார். காலனி... ஹவுஸ்..." புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரை வரும்வரை சிரித்தார்.

கதை மேனேஜர் காதுக்குப் போனது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, செல்வியின் விசிட் விசாவுக்குக் கையெழுத்துப் போட்டார்! ரோலாவில் ஒரு குடும்பத்தோடு பங்குக்கு ஓர் அறையும் கிடைத்தது.

இதற்கிடையில் செல்வி போனில், "காலனியில அக்கம்பக்கம் யாருங்க?" என்று கேட்டிருந்தாள். உண்மையைச் சொல்லத் தைரியமில்லை. "எல்லாம் காக்காதான்" என்றேன்.

"சுலைமான் காக்கா மாதிரியா? அப்ப நல்ல மனுசங்கதான்" என்று நிம்மதியாக வைத்துவிட்டாள்.

ஏர்போர்ட்டில் இறங்கியவள் கையில் பெரிய டின். நிறைய முறுக்கு.

"யாருக்கு இவ்வளவு?"

"காலனி காக்காமாருக்குத்தாங்க."

அன்று ராத்திரி அந்த முறுக்கைக் கடித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன். வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் எங்கள் ஜன்னலில் ஒரு காகம் கரைந்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "ஏங்க, உங்க காலனிக்காரங்க வந்திருக்காங்க. சட்டையக் கழட்டிட்டுப் போய் என்னன்னு கேளுங்க!"