கொய்ச்சோ நிலாவுக்குப் போன சனிக்கிழமை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதையும் முழுசாக வாசிக்கிற பொறுமை கிடையாது. படத்தைப் பார்ப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள், போய்விடுவார்கள். மருந்துச் சீட்டானாலும் அப்படித்தான், தேர்தல் நோட்டீசானாலும் அப்படித்தான். அதனால்தான் சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கக் கீழே இறங்கிய கொய்ச்சோ, தன் கட்டடத்து வாசல் கதவிலேயே செத்துப்போயிருந்தார்.

கதவில் ஒரு தாள். அதில் அவர் படம். சுற்றிலும் கறுப்புக் கட்டம். அந்த ஊரில் யாராவது கண்ணை மூடினால் இப்படி ஒரு தாள் கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஏறிவிடும். அதைப் பார்த்துத்தான் ஊர் கறுப்புத் துணியை எடுத்து இஸ்திரி போடும்.

கொய்ச்சோ முதலில் தன் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கட்டத்தை உற்றுப் பார்த்தார். அச்சில்லை. கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது. திராட்சைக் கொடி, கொடியில் இலை, இலைக்குள் நரம்பு, எல்லாம் மயிரிழைக்கு. கத்த வந்த மனிதர் வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார்.

அப்புறம் எழுத்துக் கூட்டி வாசித்தார். ‘நம் கேப்டன் கொய்ச்சோ தன் டிராக்டரில் நிலாவுக்குப் போய்விட்டார். இன்று பதினொரு மணிக்கு எல்லாரும் வாசகசாலைக்கு வாருங்கள். மீதிக் கதை அங்கே.’

"நெவெனா," என்று மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மூன்றாம் மாடிப் பெண், பத்து வயது, விரலெல்லாம் பசையோடு இறங்கி வந்தாள்.

"இது என்னடி?"

"என் கதை தாத்தா. லீவுல புஸ்தகம் படிச்சிட்டு, ஆளுக்கொரு கதை எழுதி, காகிதத்துல ஏதாவது செஞ்சுட்டு வரணும்னு ஸ்லாவ்கா டீச்சர் சொன்னாங்க. என் கதைல நீங்கதான் கேப்டன்."

"கட்டம் ஏன் கறுப்பு?"

"கறுப்புத் தாள்தான் மிச்சம் இருந்துச்சு."

"என் படத்தை யாரு குடுத்தா?"

அதற்குள் அவள் பாதி மாடி ஏறிவிட்டாள். "எங்கெங்க ஒட்டியிருக்கே?" என்று கேட்டதற்கு மேலிருந்து பதில் வந்தது: "எங்கெல்லாம் ஒட்டுவாங்களோ அங்கெல்லாம்."

விஷயம் கொய்ச்சோவுக்குத் தெரியாததில்லை. இன்று பிள்ளைகளின் கோடை வாசிப்பு முடிகிற நாள். மேயர் வருகிறார். நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் வாசகசாலையைப் பூட்டி, சூதாட்ட மெஷின் வைக்கிறவனுக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று அவரே சொன்னதாகப் பேச்சு. போன வாரமே பிள்ளைகள் மஞ்சள் தாளில் நாரை மாதிரி மடித்து ஓர் அழைப்பு கொடுத்தார்கள். அதைக் குடமிளகாய் சுடுகிற அடுப்பில் வைத்துப் பற்றவைத்தவர் இவர்தான். "காகிதம் வெட்டுறதுக்கு ஒரு கட்டடமா?" என்று வேறு கேட்டிருந்தார்.

நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போய் அங்கிருந்த தாளைக் கிழிக்கப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குடை அவர் முழங்கையில் விழுந்தது. மூக்குக் கண்ணாடியை எப்போதும் வீட்டில் வைத்துவிட்டு வருகிற தோத்கா.

"குழி கூட வெட்டியிருக்க மாட்டாங்க, அதுக்குள்ள கிழிக்கிறியே பாவி."

"தோத்கா, நான்தான் கொய்ச்சோ."

தோத்கா அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கியது. "தம்பியா? அப்படியே உரிச்சு வெச்சிருக்கு. என்ன, அவரு இன்னும் கொஞ்சம் செவப்பு." கட்டிக்கொண்டு அழுதாள். கொய்ச்சோவால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

அங்கிருந்து வாசகசாலைக்கு ஓடினார். ஸ்லாவ்கா டீச்சர் கதவை ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. உள்ளே ஏதோ தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க அண்ணே. இப்பவே திருத்தி ஒட்டிடறோம்," என்றாள்.

திருத்தி ஒட்டினார்கள். ‘கொய்ச்சோ உயிரோடு இருக்கிறார்.’ பெரிய எழுத்து, அதே கட்டம், பழைய தாளுக்குப் பக்கத்திலேயே.

இங்கேதான் காரியம் முழுசாகக் கெட்டது. செத்தவர்களின் நாற்பதாம் நாளுக்கும் வருஷ நினைவுக்கும் ஒட்டுகிற தாளில் எல்லாம் இந்த ஊர் எழுதுவது அதைத்தானே. நம் நெஞ்சில் உயிரோடு இருக்கிறார். "ஒரே நாள்ல ரெண்டாவது தாளா? பெரிய குடும்பம்தான்," என்று ரொட்டிக்கடைக்காரி சொன்னாள்.

சரி, ஆளையே காட்டிவிடுவோம் என்று காப்பிக் கடைக்குப் போனார். அங்கே அவர் சிநேகிதன் ஜெலியோ, செத்தவருக்காக ராக்கியா சாராயத்தில் முதல் சொட்டைத் தரையில் ஊற்றிவிட்டு, மீதியைக் குடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். கொய்ச்சோவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"எங்கேடா போயிருந்தே இவ்வளவு நேரம்?"

"நான் சாகலைடா."

"அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? கடை முழுக்க உன்னை நல்லவன்னு சொல்லி வெச்சிருக்கேன். என்னைப் பொய்யனாக்காதே." மூக்கைச் சிந்தினான். "உன் சொந்த ஊருக்கும் போன் போட்டாச்சு. பஸ் கிளம்பிருச்சு."

வீட்டுக்கு வந்தால், அவர் மனைவி ருசாங்கா பெரிய அண்டாவில் வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் அக்ரூட்டும் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பது. கோதுமை அப்படி வேக ஒரு ராத்திரி ஊற வேண்டும் என்பது அப்போது கொய்ச்சோவுக்கு உறைக்கவில்லை.

"யாருக்குடி இது?"

"வர்றவங்களை வெறும் வாயோடவா அனுப்புறது?"

"நான் சாகலைடி."

"தெரியுது. சட்டையை மாத்துங்க, ஜனம் பாக்கும்."

பதினொரு மணிக்கு வாசகசாலைத் தெருவே கறுப்பாக இருந்தது. எல்லார் கையிலும் இரட்டைப்படையில் பூ. உயிரோடு இருக்கிறவனுக்கு யாரும் இரட்டைப்படையில் கொடுப்பதில்லை. கொய்ச்சோ வாசலில் கையை விரித்து மறித்தார். பஸ்ஸில் வந்த கூட்டம் அவரையும் சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

உள்ளே போனதும் சத்தம் அடங்கியது. தேவாலயத்தில்கூட அப்படி அடங்கி யாரும் பார்த்ததில்லை.

கூரை தெரியவில்லை. அத்தனையும் நாரைகள். காற்று பட்டதும் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. கீழே மேசைகளில் இந்த ஊரே நின்றது, காகிதத்தில். கொடியில் காயும் துணி, பஸ் நிறுத்தம், நிறுத்தத்தில் நகத்தளவு தாள்கள், குடையோடு ஒரு பெண். தோத்கா மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "இது நான்," என்றாள், ரொம்ப மெதுவாக. நடுவில் ஆள் உயரத்துக்கு வெள்ளை நிலா. அதன்மேல் சிவப்பு டிராக்டர் ஏறிக்கொண்டிருந்தது.

நெவெனா நாற்காலிமேல் நின்று வாசித்தாள். நிலாவில் மண் மாவு மாதிரி இருந்ததாம். கேப்டனுக்குப் பயம். பயம் தெரியாமலிருக்க டிராக்டரோடு பேசிக்கொண்டே உழுதாராம். ‘இன்னும் ஒரு சால்தான் கண்ணு, அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்’ என்று ஒவ்வொரு சாலுக்கும் சொன்னாராம். நிலாவில் கறுப்பாகத் தெரிவது கறையில்லை, அவர் உழுத சால்.

கொய்ச்சோ ஒரு காலத்தில் டிராக்டர் ஓட்டியவர். அவர் டிராக்டரோடு பேசியது உண்மை. அந்த வார்த்தை அப்படியே உண்மை. வீட்டுக்கு வெளியே ஓர் ஆளிடம் சொன்னதில்லை. சுற்றிப் பார்த்தார். பட்டப்பகல் என்று தெரிந்தும் பாதிப் பேர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி கிடைக்காத மேயர் தரையில் உட்கார்ந்திருந்தார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். கதை முடிந்ததும், "இந்த இடத்தை எவன் பூட்டச் சொன்னான்?" என்றார். சொன்னவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

பூவை என்ன செய்வது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. தோத்காதான் தன் கொத்திலிருந்து ஒரு பூவை உருவிவிட்டு, ஒற்றைப்படையாக்கி, கொய்ச்சோ கையில் கொடுத்தாள். எல்லாரும் அப்படியே செய்தார்கள். உருவின ஒற்றைப் பூக்கள் நெவெனாவிடம் சேர்ந்து, கை கொள்ளாமல் தரையில் விழுந்தன.

ருசாங்கா கோதுமை பரிமாறிக்கொண்டிருந்தாள். கொய்ச்சோ மார்பு நிறையப் பூவோடு நின்றார். அண்ணாந்து பார்த்தால் காகித நாரைகள் நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு. மூலையில் இன்னும் பிரிக்காத கலர் தாள் கட்டுகள் வேறு.

"ஏய், கறுப்புத் தாள்தான் மிச்சம்னு சொன்னே?"

நெவெனா பூக்களுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"எல்லாம் காகிதம்தானே," என்றார் கொய்ச்சோ. "ஒரு மழைக்குத் தாங்குமா. நம்பற விஷயமா இது." கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். படியிறங்கும்போது பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"மஞ்சள் தாளை நீங்க அடுப்புல போட்டதை நான் சொன்னதும், ‘இந்த ஊரு நின்னு பாக்கற தாள் ஒண்ணே ஒண்ணுதான்’னு உங்க படத்தையும் கறுப்புத் தாளையும் எடுத்துக் குடுத்ததே ருசாங்கா பாட்டிதான் தாத்தா."